மேப்பிள் சிவக்காமல் போனால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவில் எங்கள் தெருவில் ஒரே வருஷம், ஒரே இடத்தில் வாங்கி நட்ட மூன்று மேப்பிள் மரங்கள் நிற்கின்றன. ஒன்று அக்டோபர் நடுப்பகுதியில் குங்குமமாகச் சிவக்கும். இன்னொன்று நவம்பர் வரை பச்சையாகவே நின்று, கடும் உறைபனி விழுந்த மறுநாள் கருகிக் கொட்டிவிடும். மூன்றாவது, ஆகஸ்ட் மாதமே ஒரு பக்கம் மட்டும் சிவந்து நின்றது. அந்த மூன்றாவது என்னுடையது. அதைச் சரிப்படுத்த எனக்கு நாலு வருஷம் போனது. அந்த நாலு வருஷத்தில் கற்றதையும், தெரிந்தவர்கள் வீட்டு மரங்களைப் பார்த்துப் பழகியதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

நிறம் வராவிட்டால் எல்லாரும் இலையைத்தான் பார்க்கிறோம், இலைக்கு மருந்து தேடுகிறோம். நான் பார்த்த மரங்களில் பெரும்பாலானவற்றுக்குக் குறை மண்ணில் இருந்தது. இல்லாவிட்டால், தண்டு மண்ணைத் தொடுகிற அந்த அரை அடியில் இருந்தது. அக்டோபரில் தெரிகிற நிறம் மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை வேர் பட்ட பாட்டின் கணக்கு. ஆகவே கீழே உள்ள எந்த அறிகுறி உங்கள் மரத்துக்குப் பொருந்தினாலும், முதலில் மரத்தடியில் முழங்கால் போட்டு உட்கார்ந்து அடியைப் பாருங்கள்.

தொடங்குமுன்: நிற்பது எந்த மேப்பிள்?

இதைத் தெரியாமல் வைத்தியம் தொடங்கினால் பணமும் வருஷமும் வீண். ஒரு இலையைக் காம்போடு பறித்துக் காம்பை ஒடியுங்கள். பால் போல வெள்ளையாகக் கசிந்தால் அது நோர்வே மேப்பிள். அந்த மரம் எவ்வளவு ஊட்டினாலும் சிவக்காது. மற்ற மரங்களுக்குப் பிந்தி மஞ்சளாகும், அவ்வளவுதான். கோடை முழுக்கக் கருஞ்சிவப்பாக நிற்கும் கிரிம்சன் கிங் கூட நோர்வே மேப்பிள் இனம்தான். அது இலையுதிர்காலத்தில் புதிதாக எதையும் காட்டாது, மங்கிப் பழுப்பாகி விழும்.

பால் வராவிட்டால் இலை விளிம்பைப் பாருங்கள். மடல்களுக்கு இடையிலுள்ள பள்ளம் கூராக இறங்கி, விளிம்பெல்லாம் சிறு அரம் போலப் பல் பல்லாக இருந்தால் செம்மேப்பிள். பள்ளம் வளைவாக, விளிம்பு பல் இல்லாமல் வழுவழுப்பாக இருந்தால் சர்க்கரை மேப்பிள்; கனடாக் கொடியில் இருக்கும் இலை பெரும்பாலும் இதைத்தான் நினைவுபடுத்தும். இலை ஆழமாக வெட்டுண்டு, அடிப்பக்கம் வெள்ளி போல மினுங்கினால் வெள்ளி மேப்பிள். அது மஞ்சளாகும், சிவப்பை அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

புதுக் குடியிருப்புகளில் அதிகம் விற்கப்படும் ஓட்டம் பிளேஸ் (Autumn Blaze) என்பது செம்மேப்பிளும் வெள்ளி மேப்பிளும் கலந்த ஃப்ரீமன் கலப்பினம். 1930களில் அமெரிக்கத் தேசிய மரப் பூங்காவில் ஆலிவர் ஃப்ரீமன் என்பவர் இந்த இரண்டையும் கலந்து பார்த்ததால் அந்தப் பெயர். வெள்ளி மேப்பிளின் வேகமும் செம்மேப்பிளின் நிறமும் அதில் சேர்ந்திருக்கும்.

இன்னொன்றும் உண்டு. விதையில் முளைத்த செம்மேப்பிள் எல்லாம் சிவப்பாகும் என்பதில்லை. சில மஞ்சளாகும், சில செம்மஞ்சளாகும். அது அந்த மரத்தின் பிறவிக் குணம். சிவப்பு நிச்சயம் வேண்டுமென்றால் ரெட் சன்செட், ஓட்டம் பிளேஸ் போலப் பெயர் வைத்து, ஒட்டியோ தண்டு வேர்விட வைத்தோ பெருக்கிய ரகமாக வாங்க வேண்டும்.

நிறம் எப்படி வருகிறது என்று இரண்டு வரி

ஜூனில் 15 மணி நேரத்துக்கு மேல் இருந்த பகல், அக்டோபர் கடைசியில் சுமார் 10½ மணி நேரமாகக் குறைந்துவிடும். பகல் சுருங்குவதை மரம் உணர்ந்து பச்சையத்தைப் பிரித்து, அதிலுள்ள சத்தைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்ளும். இலைக்குள் முதலிலேயே இருந்த மஞ்சள் அப்போது வெளியே தெரியும். சிவப்பு அப்படியில்லை. அது ஏற்கெனவே இருந்தது அல்ல. இலையில் மிஞ்சிய சர்க்கரையிலிருந்து அந்தக் கடைசி வாரங்களில் புதிதாகச் செய்யப்படுவது. அந்தோசயனின் என்பது அதன் பெயர். பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத குளிர், இலையில் போதிய சர்க்கரை, மூன்றும் சேர்ந்தால்தான் அது நன்றாகச் சுரக்கும். மஞ்சள் எளிதாகவும் சிவப்பு அரிதாகவும் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

அக்டோபர் கடைசியிலும் பச்சை, பிறகு நேரே பழுப்பு

நாலு இடத்தில் தேடுங்கள்.

வெயில். மரத்துக்கு ஒரு நாளில் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படுகிறதா? இரண்டு மாடி வீட்டின் வடக்குப் பக்கத்தில் நட்ட மேப்பிள் உயிரோடு இருக்கும், வளரும், ஆனால் சிவக்காது. பெயர்த்து நட முடியாத அளவு வளர்ந்துவிட்டால், மேலே கவிந்திருக்கும் மற்ற மரக் கிளைகளைக் குறைக்கலாம். வேறு வழி இல்லை.

பசளை. மரம் புல்தரைக்கு நடுவில் நிற்கிறதா? புல்லுக்குப் போடும் பசளையில் நைட்ரஜன் அதிகம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் அதைத் தூவினால் மரமும் சேர்ந்து குடித்துவிட்டு, ஓய்வுக்குப் போக வேண்டிய நேரத்தில் புதுத் தளிர் விடும். ஜூலைக்குப் பிறகு மரத்தின் கிளை விரிந்திருக்கும் வட்டத்துக்குள் புல் பசளை போடாதீர்கள். அடுத்த வருஷமே வித்தியாசம் தெரியும்.

தெருவிளக்கு. மரத்தின் ஒரு பக்கம் மட்டும் பச்சையாக நீடித்து, அந்தப் பக்கத்தில் விளக்குக் கம்பம் இருந்தால் காரணம் அதுதான். இரவு முழுக்க வெளிச்சம் பட்டால் அந்தக் கிளைகளுக்குப் பகல் குறைவது தெரியாது. மரத்துக்கு நோய் இல்லை. கராஜுக்கு மேல் நீங்கள் பூட்டிய விளக்கு என்றால், ஆள் நடமாட்டத்துக்கு மட்டும் எரிகிற மாதிரி மாற்றிவிடுங்கள்.

ரகம். அக்டோபர் குளோரி என்ற செம்மேப்பிள் ரகம் மிகவும் பிந்தி நிறம் மாறும். தெற்கில் அது அருமையான மரம். இங்கே பல வருஷங்களில் அது சிவக்கத் தொடங்குமுன் உறைபனி முந்திவிடும். எங்கள் தெருவில் நவம்பர் வரை பச்சையாக நிற்கும் அந்த இரண்டாவது மரம் இந்த ரகம்தான் என்று பழைய பெயர்ச்சீட்டைத் தேடி எடுத்த பிறகே தெரிந்தது.

இந்த நாலும் இல்லை, ஊரெல்லாம் அந்த வருஷம் மங்கல் என்றால் வானிலைதான் காரணம். செப்டம்பரும் அக்டோபரும் வெப்பமாகவும் மூட்டமாகவும் போனால் சிவப்பு குறையும். ஒன்றும் செய்யாமல் அடுத்த வருஷம் வரை காத்திருங்கள். அந்த ஆதங்கத்துக்கு, செப்டம்பர் கடைசியில் அல்கொன்குயின் பூங்காப் பக்கம் ஒரு நடை போய் வரலாம். அங்கே உயரமும் குளிரும் அதிகம் என்பதால் சர்க்கரை மேப்பிள்கள் நமக்கு இரண்டு மூன்று வாரம் முந்தியே நிறம் பிடித்துவிடும்.

ஜூனிலேயே இலை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை

இதை இலையுதிர்கால மஞ்சளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இலையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பாருங்கள். நரம்பெல்லாம் பச்சைக் கோடாகவும், நரம்புகளுக்கு இடையிலுள்ள பகுதி எலுமிச்சை மஞ்சளாகவும் தெரிந்தால் அது சத்துக் குறை. கடுமையானால் அந்த மஞ்சள் பகுதியில் பழுப்புப் புள்ளி விழுந்து, ஜூலையிலேயே விளிம்பு கருகும். இப்படிப்பட்ட மரம் கோடை முழுக்கப் போதிய சர்க்கரை செய்யாது. அக்டோபரில் சிவப்புக்குத் தேவையான முதலே அதனிடம் இருக்காது.

ரொறன்ரோவையும் சுற்றுப்புறத்தையும் பொறுத்தவரை இது மிகச் சாதாரணம். தெற்கு ஒன்ராறியோவின் மண் பெரும்பாலும் சுண்ணாம்புக் கல் அரைபட்டு வந்த களிமண். செம்மேப்பிள் புளிப்பு மண்ணில் வளரப் பழகிய மரம். போதாததற்கு, புதுக் குடியிருப்புகளில் மேல்மண்ணை வழித்தெடுத்துவிட்டு, அடிக்களியின் மேல் மெல்லிய மண்ணும் புல்விரிப்பும் போட்டுவிடுவார்கள். அலவாங்கு போட்டாலும் இறங்காமல் நின்றுவிடும் மண். சிமெந்துத் துண்டுகளும் அதற்குள் கிடக்கும். சுண்ணாம்பு மண்ணைப் புளிப்புக்கு எதிரான காரமாக்கிவிடும்; அந்தக் காரத்தில் மாங்கனீசு என்ற சத்து மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கரைந்து வராது. இதே அறிகுறி ‘பின் ஓக்’ (Pin Oak) என்ற மரத்தில் வந்தால் இரும்புக் குறை என்பார்கள். மேப்பிளில் பெரும்பாலும் மாங்கனீசுதான். கடையில் இரும்புச் சத்து போத்தல் வாங்கி ஊற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று பலர் சொல்வது இதனால்தான்.

சோதித்துப் பார்க்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. மரத்தடியில் ஒரு சாண் ஆழத்தில் இரண்டு கரண்டி மண் எடுத்து, தட்டில் பரப்பிக் காயவிடுங்கள். அதன் மேல் வெள்ளை வினாகிரி கொஞ்சம் ஊற்றுங்கள். நுரைத்துச் சத்தம் போட்டால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. நான் எங்கள் வளவில் நாலு மூலையிலும் எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம், டிரைவே ஓரத்து மண், தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரிச் சீறியது. பின்பக்கம் பழைய வேலியோரத்து மண் அசையவே இல்லை. ஒரே வளவுக்குள் அவ்வளவு வித்தியாசம்.

என்ன செய்யலாம்? நுரைக்காத மண் என்றால் கந்தகத் தூளை அளவாகப் போட்டுக் காரத்தைக் குறைக்கலாம். ஒரு வருஷத்துக்கு மேல் பொறுமை வேண்டும். சீறுகிற மண்ணில் கந்தகம் எடுபடாது. எவ்வளவு போட்டாலும் சுண்ணாம்பு அதைத் தின்றுவிடும். அங்கே மரத்தைச் சுற்றிப் புல்லை எடுத்துவிட்டு மரச்சீவல் பரப்புவதும், மண்ணை இறுகவிடாமல் வைப்பதும், வறட்சியில் தண்ணீர் விடுவதும் மெதுவாக உதவும். ஆர்பரிஸ்ட், அதாவது மரப் பராமரிப்பு வல்லுநர் ஒருவரைக் கொண்டு தண்டில் மாங்கனீசு ஊசி போடலாம். இரண்டு மூன்று வருஷம் இலை பச்சையாக இருக்கும், பிறகு திரும்பவும் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் தண்டில் துளை விழும். நான் அதை ஒரு வளர்ந்த, நிழல் தரும் மரத்துக்குச் செய்வேன். நட்டு மூன்று வருஷமான மரத்துக்குச் செய்ய மாட்டேன். அதை எடுத்துவிட்டு, சுண்ணாம்பு மண்ணைச் செம்மேப்பிளைவிட நன்றாகத் தாங்கும் சர்க்கரை மேப்பிளை, தெருவிலிருந்து தள்ளி நடுவதுதான் நல்லது. மஞ்சளே போதும் என்றால் கிங்கோ மரம் இந்த மண்ணைப் பொருட்படுத்தாது.

ஆகஸ்டிலேயே ஒரு பக்கம் சிவப்பு

இதுதான் என் மரத்துக்கு வந்தது. 2016 மே மாதம் நட்ட ஓட்டம் பிளேஸ். நாலாவது வருஷம், ஆகஸ்ட் நடுவில், வடக்குப் பக்கத்து இரண்டு கிளை சிவந்தன. பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்து, "தம்பி, உங்கட மரம்தான் தெருவில முதல் சிவந்திருக்குது, நல்ல வடிவு" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். அடுத்த வருஷம் ஆகஸ்ட் முதல் வாரமே மூன்று கிளை. இலையும் சின்னதாகப் போனது. மாமியே திரும்பவும் கேட்டார்: "ஏன் தம்பி, ஒரு பக்கம் மட்டும் இப்பிடி? மரத்துக்கு ஏதும் வருத்தமோ?"

வருத்தம்தான். காலம் வருமுன் ஒரு பகுதி மட்டும் சிவந்தால் அந்தப் பகுதிக்குத் தண்ணீரோ சத்தோ போவது தடைப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இலையில் செய்த சர்க்கரை கீழே இறங்க வழியில்லாமல் அங்கேயே தேங்கி நிறமாகிறது. பார்க்க அழகு, ஆனால் மரம் நெரிபடுகிறது.

அடிமரத்தைப் பாருங்கள். நல்ல மரத்தின் தண்டு மண்ணைத் தொடுமுன் யானைக்கால் மாதிரி விரிந்து வேராகப் பிரிய வேண்டும். அந்த விரிவைத்தான் வேர்க்கழுத்து என்கிறேன். உங்கள் மரம் தந்திக் கம்பம் நட்ட மாதிரி நேரே மண்ணுக்குள் போனால், அதுவும் ஒரு பக்கம் மட்டும் தட்டையாக இருந்தால், கிட்டத்தட்ட நிச்சயம்: உள்ளே ஒரு வேர் தண்டைச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

நான் அக்டோபர் கடைசியில், இலை விழுந்த பிறகு, கைக்கரண்டியால் மண்ணை ஒதுக்கத் தொடங்கினேன். முதலில் வருஷா வருஷம் நானே குவித்த மரச்சீவல் ஒரு சாண். அதற்குள் தண்டின் பட்டை ஈரத்தில் ஊறி, நகம் பட்டால் கழன்று வரும் பதத்தில் இருந்தது. அதற்குக் கீழே நாலு விரல் மண். அதற்கும் கீழே, பெருவிரல் தடிப்பில் ஒரு வேர், வடக்குப் பக்கத்தில் தண்டை அரைவட்டமாகச் சுற்றி, பட்டைக்குள் பதிந்திருந்தது. தண்டு அந்த இடத்தில் இடுப்புக் கயிறு இறுகிய மாதிரி உள்ளே ஒடுங்கி, மேலே வீங்கியிருந்தது. வேரின் வளைவு நர்சரித் தொட்டியின் விளிம்பு வளைவு அப்படியே. தொட்டிக்குள் சுற்றத் தொடங்கிய வேர், மண்ணுக்கு வந்த பிறகும் அதே வட்டத்தில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இதில் எங்கள் பழக்கத்தின் பங்கும் உண்டு. வாழைக்கு மண் அணைத்து வளர்ந்தவர்கள் நாங்கள். அடியில் மண்ணும் எருவும் ஏற்றினால் மரத்துக்கு நல்லது என்று கை தானாகவே செய்கிறது. வாழைக்கு அது சரி. மேப்பிளுக்கு அது கழுத்தை மூடுவது. மூடிய பட்டை அழுகும், மேலே ஏறிய மண்ணில் புது வேர் விட்டு அதுவும் தண்டைச் சுற்றும். மரச்சீவல் போடுங்கள், ஆனால் 5 முதல் 10 செ.மீ. உயரத்துக்கு மேல் வேண்டாம். தண்டிலிருந்து ஒரு கையகலம் விலக்கி, நடுவில் பள்ளம் விட்ட வட்டமாகப் போடுங்கள்.

வேரை வெட்டும் முறை: மரம் ஓய்வில் இருக்கும் காலம், அதாவது இலை உதிர்ந்த பிறகோ தளிர் விடுமுன்போ. மண்ணைக் கையாலும் தண்ணீராலும் ஒதுக்கி வேர் முழுவதையும் பார்த்துவிடுங்கள். சுற்றிய வேர் தண்டின் பருமனில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால், சிறு வாளாலும் உளியாலும் இரண்டு முனையிலும் வெட்டலாம். பட்டைக்குள் பதிந்த துண்டைப் பலவந்தமாகப் பிடுங்க வேண்டாம். அது உக்கிப் போகும், பிடுங்கினால் தண்டு காயப்படும். வெட்டிய இடத்தில் தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். வேர் அதைவிடப் பெரிது, அல்லது இரண்டு மூன்று வேர் பின்னிக் கிடக்கிறது என்றால் நீங்களாகக் கை வைக்காதீர்கள். ஆர்பரிஸ்டுகளிடம் காற்றைப் பீய்ச்சி மண்ணை ஊதித் தள்ளும் கருவி உண்டு. வேருக்குச் சேதமில்லாமல் திறந்து, வருஷத்துக்குக் கொஞ்சமாக வெட்டுவார்கள்.

நான் வெட்டிய அடுத்த கோடையிலும் வடக்குப் பக்கம் கொஞ்சம் முந்தித்தான் சிவந்தது. அதற்கடுத்த வருஷம் இலை பழைய அளவுக்கு வந்தது. மூன்றாம் வருஷம் அக்டோபரில் மரம் முழுதும் ஒன்றாகச் சிவந்தது. மாமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஜூலையில் இலை விளிம்பு காய்ந்து பழுப்பு

பெரும்பாலும் தாகம். நட்டு மூன்று வருஷத்துக்குள் இருக்கும் மரத்தை மழை பார்த்துக்கொள்ளும் என்று விடக் கூடாது. வாரம் ஒரு தடவை 40 முதல் 50 லிட்டர், மே தொடங்கி மண் உறையும் வரை. ஸ்பிரிங்ளர் புல்லை நனைக்கும், மரத்தின் வேரைத் தொடாது. இரண்டு பழைய பெயின்ட் வாளியின் அடியில் ஆணியால் நாலைந்து துளை போட்டு, மரத்துக்கு இரு பக்கமும் வைத்து நிரப்பிவிடுங்கள். ஒரு மணி நேரத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கிவிடும். போதுமா என்று அறிய நீளமான ஸ்குரூ டிரைவரை மண்ணில் குத்துங்கள். ஒரு சாண் தடையில்லாமல் இறங்கினால் ஈரம் இருக்கிறது. இரண்டு விரலிலேயே நின்றுவிட்டால் மரம் காய்கிறது. அதே நேரம் தோண்டிய இடத்தில் தண்ணீர் தேங்கி நாறினால் அளவு மிஞ்சிவிட்டது. களிமண்ணில் இரண்டும் நடக்கும், இலை விளிம்பு இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் கருகும்.

கருகல் தெருப்பக்கத்து இலைகளில் மட்டும், அதோடு வசந்தத்தில் அந்தப் பக்கத்து மொட்டுகளும் சரியாக விரியவில்லை என்றால் உப்பு. குளிர்காலத்தில் தெருவுக்கும் டிரைவேக்கும் போடும் உப்பு ஸ்னோவோடு சேர்த்து மரத்தடியில் தள்ளப்படுகிறது. சர்க்கரை மேப்பிள் இதைத் தாங்கவே தாங்காது. ஸ்னோவை மரத்துக்கு எதிர்ப்பக்கம் தள்ளுங்கள், மரத்தருகே உப்புக்குப் பதில் மணல் தூவுங்கள், ஏப்ரலில் மண் இளகியதும் குழாயை ஒரு மணி நேரம் மெதுவாக ஓடவிட்டு உப்பைக் கீழே இறக்கிவிடுங்கள்.

இலையில் கறுப்பு வட்டம், அல்லது சிவப்புக் குருணை

தார் சிந்திய மாதிரிக் கறுப்பு வட்டங்கள் ஒரு பூஞ்சணம். நோர்வே மேப்பிளில் கண்டிப்பாகப் பார்த்திருப்பீர்கள். விழுந்த இலையில் குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் மேலே ஏறும். இலையைக் கூட்டி அப்புறப்படுத்தினால் குறையும். செம்மேப்பிள், ஃப்ரீமன், வெள்ளி மேப்பிள் இலையின் மேல்பக்கத்தில் குண்டூசித் தலை போலச் சிவப்புக் குருணைகள் இருந்தால் அது கண்ணுக்குத் தெரியாத உண்ணி செய்த வேலை. இரண்டுமே மரத்துக்குக் கேடில்லை. மருந்து அடிக்காதீர்கள்.

ஒரு கிளை மட்டும் திடீரென வாடித் தொங்குகிறது

மற்றக் கிளைகள் நன்றாக இருக்க, ஒரு கிளையின் இலை முழுதும் ஜூலையில் இரண்டு நாளுக்குள் சுருண்டால் வெர்ட்டிசிலியம் வாடலைச் சந்தேகியுங்கள். அந்தக் கிளையைச் சரிவாக வெட்டிக் குறுக்குமுகத்தைப் பாருங்கள். பட்டைக்கு உள்ளே மரத்தில் ஒலிவ் பச்சை நிறத்தில் கீற்றோ வளையமோ தெரிந்தால் கிட்டத்தட்ட உறுதி. மண்ணிலிருந்து வேர் வழியாக ஏறும் பூஞ்சணம் இது. மருந்து கிடையாது. பட்ட கிளையை வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் வாளை அற்ககோல் போட்டுத் துடைத்து, தண்ணீர் தவறாமல் விட்டால் சில மரங்கள் தாக்குப் பிடித்து மீண்டுவிடும். வெட்டியதைச் சீவலாக்கி வளவுக்குள் பரப்ப வேண்டாம்.

எங்கள் ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இதில் இருக்கிறது. இதே பூஞ்சணம் கத்தரிக்கும் தக்காளிக்கும் உருளைக்கிழங்குக்கும் வரும், மண்ணில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். பின்வளவில் கத்தரி வாடிச் செத்த பாத்தியில் மேப்பிளை நடாதீர்கள். மேப்பிள் இப்படிச் செத்த இடத்தில் கத்தரியும் வேண்டாம், இன்னொரு மேப்பிளும் வேண்டாம். கிங்கோ, ஓக், பேர்ச் மரங்களுக்கு இந்த வாடல் வராது.

இலை காய்ந்தும் விழாமல் கிளையிலேயே நிற்கிறது

இலைக்காம்பு பிரிகிற இடத்தில் ஒரு மெல்லிய தடுப்பு உருவாகி முடிந்தால்தான் இலை சுத்தமாக விழும். அது முடியுமுன் திடீரெனக் கடும் குளிர் வந்தால் இலை அப்படியே செத்து ஒட்டிக்கொள்ளும். நோயில்லை, வசந்தத்தில் தானாக விழும். ஈர ஸ்னோ அந்த இலைகளில் கனமாக ஏறினால் கிளை முறியலாம். தும்புத்தடியால் கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்டிவிடுங்கள். பீச்சும் ஓக்கும் இயல்பாகவே இலையை வைத்திருக்கும்.

தண்டில் நெடுக்கு வெடிப்பு, அல்லது வட்டத் துளை

தென்மேற்குப் பக்கத்தில் பட்டை நெடுக்காக வெடித்திருந்தால் குளிர்கால வெயில். பகலில் சூடேறிய பட்டை, சூரியன் மறைந்ததும் சட்டென உறைந்து பிளக்கும். இளம் மேப்பிளின் பட்டை மெல்லியது. நவம்பரில் வெள்ளைச் சுற்றுப்பட்டி கட்டி ஏப்ரலில் கழற்றுங்கள். கோடையில் விட்டால் உள்ளே ஈரம் தங்கும். வெடிப்பை நிரப்பவோ பூசவோ வேண்டாம், மரம் தானே மூடும்.

பென்சில் நுழைகிற அளவில், அளந்து துளைத்த மாதிரி வட்டமாகத் துளை இருந்தால் அன்றைக்கே கனடிய உணவுப் பரிசோதனை முகமைக்கு அறிவியுங்கள். இப்படித் துளைக்கும் ஆசிய நீள்கொம்பு வண்டு 2003இல் ரொறன்ரோ, வோன் எல்லையில் கண்டுபிடிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட வைத்தது. அது ஒழிந்தது என்று 2013இல் அறிவித்தார்கள். அதே வருஷம் மிசிசாகாவில் திரும்பவும் அகப்பட்டது. 2020இல் மீண்டும் ஒழிந்ததாக அறிவிப்பு வந்தது. அதற்கு மிகவும் பிடித்த மரம் மேப்பிள்.

மரத்தை எடுக்கத்தான் வேண்டும் என்றால்

முன்பக்கத்து மரம் பல வீடுகளில் வீட்டுக்காரருடையது அல்ல, நகரசபையுடையது. கிளை வெட்டக்கூட அவர்கள்தான் வர வேண்டும். ரொறன்ரோவில் நகரசபையின் 311 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். உங்கள் சொந்த மரம் என்றாலும், நிலத்திலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 30 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. அளவு நாடாவால் சுற்றிப் பார்த்தால் 94 செ.மீ. வரும், அதுதான் எல்லை. நகரசபை தன் நிலத்தில் இலவசமாகவே மரம் நட்டுத் தருகிறது என்பதையும் பலர் அறியாமல் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

நீங்களே நடுவதானால், குழி தோண்ட ஒரு வாரத்துக்கு முன்பே ஒன்ராறியோ ஒன் கோல் (Ontario One Call) என்ற சேவைக்குச் சொல்லிவிடுங்கள். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே போகின்றன என்று இலவசமாக வந்து அடையாளம் போடுவார்கள். நர்சரியில் மரத்தின் நிறத்தை மட்டும் பார்க்காமல், தொட்டியிலிருந்து இழுத்து வேரைக் காட்டச் சொல்லுங்கள். வேர் வட்டமாகச் சுற்றிப் பாய் பின்னியது போல இருந்தால் அடுத்த மரத்தைப் பாருங்கள். நல்ல மரம் கிடைத்ததும், நடும் அன்று மண்கட்டியின் வெளிவிளிம்பை நாலு பக்கமும் இரண்டு விரல் தடிப்புக்கு வாளால் சீவிவிடுங்கள். கை கூசும், ஆனால் அப்படிச் சீவினால்தான் வட்ட வேர் அறுந்து புது வேர் வெளியே நேராகப் போகும். மேல்மண்ணைக் கிளறி வேர்க்கழுத்தைக் கண்டுபிடித்து, அது நில மட்டத்துக்கு ஒரு விரல் மேலே தெரியும்படி நிறுத்துங்கள். தோண்டிய மண்ணையே திரும்பப் போட்டு, துளை போட்ட அந்த இரண்டு வாளியையும் பக்கத்தில் வைத்து நிரப்புங்கள்.